மௌனமும் பாவமே

“தீமையை ஏன் மேடையேற்ற வேண்டும்? வீதியிலும் செய்தித்தாளிலும் காண்பது போதாதா? கலை என்றால் அது மனத்தை உயர்த்த வேண்டாமா?” பக்தியுள்ள உள்ளங்களிலிருந்து எழும் இக்கேள்விகளை நாம் எளிதில் ஒதுக்கிவிடுவதற்கில்லை. இவற்றைக் கேட்போர் கலையை வெறுப்பவர் அல்லர். தம் பிள்ளைகளின் நலனில் அக்கறை கொண்டோர். ஆயினும் இக்கேள்விகளுக்குள் ஒரு பிழை ஒளிந்திருக்கிறது என்பதே நம் கருத்து. தீமையைக் காட்டுவதும் தீமையைப் பரப்புவதும் ஒன்றே என அவை கொள்கின்றன. அதனினும் பெரிய கேடு ஒன்று உண்டு: கண்டும் காணாதிருப்பதே தூய்மை என்ற எண்ணத்தை அவை நம் நெஞ்சில் சத்தமின்றி ஊன்றிவிடுகின்றன.

இவ்வெண்ணத்தை எதிர்த்து வாதிட, தொலைநாட்டு நாடக ஆசிரியர் ஒருவரை நாம் துணைக்கு அழைக்கிறோம். அவர் ஆஸ்திரேலியாவின் நிக் என்ரைட். 1950 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் மெய்ட்லாந்து நகரில் பிறந்தார். 2003 மார்ச்சில், தோல் புற்றுநோயால், 52ஆம் வயதில் மறைந்தார். சிட்னியில் இயேசு சபையினர் நடத்தும் ரிவர்வியூ புனித இஞ்ஞாசியார் கல்லூரியில் பயின்றவர். நியூயார்க்கில் நாடகக் கல்வி பெற்று, தாயகம் திரும்பி நடிகராகவும் இயக்குநராகவும் ஆசிரியராகவும் உழைத்தவர். இசை நாடகம், நகைச்சுவை, பள்ளி மாணவருக்கான சிறு நாடகம், ஹாலிவுட் திரைக்கதை எனப் பல துறைகளிலும் எழுதியவர். அவருடைய நினைவாக, நியூ சவுத் வேல்ஸ் மாநில இலக்கிய விருதுகளுள் நாடகத்துக்கான பரிசு அவர் பெயரையே தாங்கியது.

அவரை நாம் புனிதராக்க வரவில்லை. அவருடைய படைப்பு ஒன்றின்மீது கடுமையான குறை சொல்லவும் போகிறோம். ஆனால் வாழ்நாள் முழுவதும் அவர் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்வி, நம் திருச்சபை தன்னைத்தானே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அதனாலேயே அவரைப் பற்றி இங்கு எழுதுகிறோம்.

மேடையா, திரையா?

முதலில் ஒரு சிறு வழக்கைத் தீர்த்துவிடுவோம். மேடை உயர்ந்தது, திரை வணிகம். மேடையை விட்டுத் திரைக்குப் போனவர் தம் எழுத்தை விற்றவர் என்று கற்றோர் சிலர் கூறுவதுண்டு. என்ரைட் இத்தீர்ப்புக்கு எளிதில் ஆளாகக்கூடியவர். 1989இல் ‘டேலைட் சேவிங்’ என்ற நகைச்சுவை நாடகத்தால் பெரும் வரவேற்புப் பெற்றார். 1992இல் ஜார்ஜ் மில்லருடன் இணைந்து ‘லொரென்ஸோஸ் ஆயில்’ என்ற அமெரிக்கத் திரைப்படத்தின் கதையை எழுதினார். அதற்காக இருவரும் ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டனர். அவர் விரும்பியிருந்தால் அங்கேயே தங்கிப் பொருள் ஈட்டியிருக்கலாம். அதே 1992இல் அவர் எழுதிய மற்றொன்று எது தெரியுமா? நியூகாசில் நகரின் ‘ஃப்ரீவீல்ஸ்’ என்னும் கல்வி நாடகக் குழு, உயர்நிலைப் பள்ளிகளுக்குக் கொண்டு சென்று நடித்த ஒரு சிறு நாடகம். ஒரு கையால் ஹாலிவுட்டுக்கும் மறு கையால் மாணவர் அமர்ந்திருக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எழுதியவரை, எழுத்தை விற்றவர் என்று நாம் எவ்வாறு சொல்வது?

பின்னர் 1998இல், டிம் வின்டனின் ‘கிளவுட்ஸ்ட்ரீட்’ புதினத்தை ஜஸ்டின் மான்ஜோவுடன் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து மணி நேர நாடகமாக்கினார். நீல் ஆம்ஃபீல்டு இயக்கிய அந்நாடகம் கடல் கடந்து லண்டன் வரை சென்றது. அதே ஆண்டில் பாடகர் பீட்டர் ஆலனின் வாழ்வை ‘தி பாய் ஃப்ரம் ஆஸ்’ என்ற இசை நாடகமாக எழுதினார். அது திருத்தப்பட்ட வடிவில் 2003 அக்டோபரில் நியூயார்க்கின் பிராட்வே மேடையை அடைந்தபோது அவர் உயிரோடு இல்லை.

மேடைக்கும் திரைக்கும் இடையே நடமாடுவது இழுக்கு என்று கத்தோலிக்கர் சொல்வது பொருந்தவே பொருந்தாது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் இளமையில் நடிகராக இருந்தவர். நாத்சிகளின் பிடியிலிருந்த கிராக்கோவில் மறைவாக நாடகம் நடித்தவர். அவர் எழுதி 1960இல் வெளியான ‘நகைக்கடை’ நாடகம் 1988இல் திரைப்படமாயிற்று. ஆகவே வழக்கு மேடைக்கும் திரைக்கும் இடையே அன்று. எதைக் காட்டுவது, எதைக் காட்டாது விடுவது, யாருக்காகக் காட்டுவது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

கடற்கரையில் நின்றவன்

1989 நவம்பரில் நியூகாசிலை அடுத்த ஸ்டாக்டன் என்ற கடலோரப் பகுதியில், பதின்வயதினரின் விருந்து ஒன்றுக்குச் சென்ற 14 வயதுச் சிறுமி இரவில் கொல்லப்பட்டாள். கொலைக்காக ஓர் இளைஞன் தண்டிக்கப்பட்டான். ஆனால் அன்று அவளுக்கு இழைக்கப்பட்டவை ஒருவனால் மட்டும் இழைக்கப்பட்டவை அல்ல. பலர் இருந்தனர், பலர் கண்டனர், பின்னர் பலர் வாய் திறக்கவில்லை. அவள் அங்கு ஏன் போனாள், என்ன உடுத்தியிருந்தாள் என்று பேசிய வாய்களுக்கோ குறைவில்லை.

இந்நிகழ்ச்சி தந்த தூண்டுதலில் பிறந்ததே, பள்ளிகளில் நடிக்கப்பட்ட ‘எ ப்ராப்பர்ட்டி ஆஃப் தி க்ளான்’ என்ற சிறு நாடகம். அதை விரித்து 1995இல் சிட்னி நாடகக் கழகத்துக்காக ‘ப்ளாக்ராக்’ என்ற முழுநீள நாடகமாக்கினார் என்ரைட். 1997இல் அது திரைப்படமும் ஆயிற்று. தாம் எழுதியது கற்பனையே என்றுதான் அவர் கூறினார். ஊரின் பெயரையும் மாந்தரின் பெயர்களையும் மாற்றினார்.

அந்நாடகத்தின் மையத்தில் இருப்பவன் கொலைகாரன் அல்லன். ஜாரெட் என்ற சிறுவன். டிரேசி என்ற பெண்ணைத் தன் நண்பர்கள் சீரழிப்பதை அவன் காண்கிறான், ஆனால் தடுக்கவில்லை. மறுநாள் அவள் பிணமாகக் கிடக்கிறாள். அவன் பேசவில்லை. அவன் போற்றும் மூத்த தோழன் ரிக்கோ, அன்றிரவு தாங்கள் இருவரும் ஒன்றாக இருந்ததாகச் சொல்லும்படி கேட்கிறான். நட்புக்கும் உண்மைக்கும் இடையே அவன் நசுங்குகிறான். வீட்டில் அவன் தாய் டயான், தனக்குற்ற புற்றுநோயைப் பற்றி மகனிடம் சொல்ல வழி தேடுகிறாள். அவனோ கேட்கும் நிலையில் இல்லை. ஒரு குற்றத்தைக் குறித்து வாய் மூடியவனின் செவிகளும் மூடிப்போகின்றன என்பதை இதைவிட எளிதாக எவ்வாறு காட்டுவது?

இங்கேதான் நாம் நம் வாசகரிடம் வாதிடுகிறோம். திருப்பலியின் தொடக்கத்தில் மார்பில் தட்டிக்கொண்டு நாம் செய்யும் பாவ அறிக்கையை எண்ணிப் பாருங்கள். எண்ணம், சொல், செயல் ஆகிய மூன்றோடு நான்காவதாக ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறோம்: செய்ய வேண்டியதைச் செய்யாது விட்டது. ஞாயிறுதோறும் சொல்கிறோம். ஆனால் ஒப்புரவு அருட்சாதனத்துக்கு அணியமாகும்போது அந்த நான்காவதை நம்மில் எத்தனை பேர் ஆராய்கிறோம்? பொய் சொன்னோமா, களவு செய்தோமா, சினந்தோமா என்று ஆராய்வோம். யாரை விழவிட்டு வேடிக்கை பார்த்தோம் என்று ஆராய்வதில்லை. நல்ல சமாரியர் உவமையில் அடிபட்டவனை அடித்த கள்வரைக் குறித்து ஆண்டவர் அதிகம் பேசவில்லை. விலகிச் சென்ற குருவையும் லேவியரையும்தான் நம் கண்முன் நிறுத்துகிறார். என்ரைட் செய்ததும் அதுவே. தீயவனை மேடையேற்றி, “நாம் அவனைப் போல் இல்லையே” என்று நாம் பெருமூச்சு விட அவர் இடம் தரவில்லை. கடற்கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாதாரணச் சிறுவனை மேடையேற்றினார். அவனிடத்தில் நம் முகம் தெரிகிறது. நமக்கு அது கசப்பதன் காரணமும் அதுதான்.

இத்தகைய நாடகம் இளையோரைக் கெடுக்கும் என்பீர்களா? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பரில் வெளியிட்ட சமூகத் தொடர்புச் சாதனங்கள் பற்றிய ஆணை, தீமையைச் சித்திரிப்பதை முற்றிலும் விலக்கவில்லை. அது மனிதனை ஆழமாக அறியவும், உண்மை நன்மைகளின் மாண்பை விளங்கச் செய்யவும் உதவக்கூடும் என்றே ஏற்கிறது; ஆனால் ஆன்மாக்களுக்குக் கேடு விளையாதபடி ஒழுக்க வரம்புக்கு அது கட்டுப்பட வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. 1999இல் கலைஞருக்கு எழுதிய மடலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கலைஞர் தீமையின் மிக இருண்ட ஆழங்களைத் துழாவும்போதும் மீட்புக்கான மனித ஏக்கத்துக்கே குரல் கொடுக்கிறார் என்ற கருத்தை முன்வைத்தார். திருச்சபை திறந்து வைத்த கதவை நாம் ஏன் பக்தியின் பெயரால் அடைக்க வேண்டும்?

காட்டியதும் காட்டாததும்

ஆனால் அந்த ஆணை சொல்லும் வரம்பு என்ற சொல்லை நாம் விழுங்கிவிடக் கூடாது. என்ரைட்டின் மீது நாம் குறை சொல்வது இவ்விடத்தில்தான்.

மேடை நாடகத்தில் டிரேசி தோன்றுவதேயில்லை. அவளைப் பற்றி எல்லாரும் பேசுகின்றனர், அவளோ வரவில்லை. அந்த வெற்றிடம் நாடகம் முழுவதும் நம்மை உறுத்துகிறது. பேசுவோர் அனைவரும் அவளைத் தத்தம் விருப்பப்படி படைத்துக்கொள்கின்றனர் என்பதை அவளது இல்லாமையே உணர்த்துகிறது. திரைப்படத்திலோ ஒரு நடிகை டிரேசியாக வருகிறார். கடற்கரையில் நிகழ்ந்த கொடுமையும் காட்சியாகிறது. ஜாரெட்டோடு சேர்ந்து நாமும் பார்க்கிறோம். நாடகம் நம்மைப் பார்வையாளரின் குற்றத்தைக் குறித்துச் சிந்திக்க வைத்தது. திரைப்படம் நம்மை மற்றுமொரு பார்வையாளராக்கிவிட்டது. இது சிறிய மாற்றம் அன்று.

மேலும், படப்பிடிப்பு ஸ்டாக்டன் பகுதியிலேயே நடந்தபோது அவ்வூரார் பலர் எதிர்த்தனர். இறந்த சிறுமியின் குடும்பத்தாரும் மனம் வருந்தி மறுப்புத் தெரிவித்தனர். “இது கற்பனை” என்ற விடை அவர்களுக்கு எவ்வளவு தூரம் ஆறுதல் தரும்? பெயரை மாற்றலாம்; ஊரை மாற்றலாம்; ஒரு தாயின் நினைவை மாற்ற இயலுமா? கலையின் உரிமையைப் பேசும் நாம், துயருற்றோரின் உரிமையைப் பேசாது விட்டால் நாமும் ஜாரெட்டின் பக்கத்தில் போய் நின்றவர்களாவோம். ஊராரின் எதிர்ப்பில் உண்மையை மறைக்கும் விருப்பமும் கலந்திருக்கக்கூடும். அதை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால் குடும்பத்தின் வேதனை வேறு. அதை ஊராரின் கூச்சத்தோடு ஒரே கணக்கில் எழுதுவது அநீதி.

என்ரைட் இதை உணர்ந்திருந்தாரா? அவருடைய உள்ளத்துக்குள் நாம் நுழைய இயலாது. ஆனால் 2002இல், மறைவதற்கு ஓராண்டுக்கு முன், அவர் மேடையேற்றிய ‘எ மேன் வித் ஃபைவ் சில்ட்ரன்’ என்ற நாடகத்தைக் கவனிப்போம். ஆவணப்பட இயக்குநர் ஒருவர் ஐந்து சிறுவர் சிறுமியரை ஏழாம் வயதிலிருந்து ஆண்டுக்கு ஒரு நாள் படம் பிடிக்கிறார். அவர்கள் வளர்கின்றனர், படமும் வளர்கிறது. நாளடைவில் கேமரா வெறும் கண்ணாக நிற்கவில்லை. அவர்கள் வாழ்வின் போக்கையே திருப்புகிறது. பார்ப்பவர், பார்க்கப்படுவோருக்குப் பொறுப்பாளியா இல்லையா என்ற வினா நாடகத்தின் நெஞ்சில் அமர்ந்திருக்கிறது. திரையில் தேர்ந்த ஒருவர், திரையின் பசியைக் குறித்து மேடையில் எழுப்பிய வழக்கு இது. ‘ப்ளாக்ராக்’ திரைப்படத்தின் மீது நாம் சொன்ன குறையைவிடக் கூர்மையான குறையை அந்நாடகம் சொல்கிறது என்பதே நம் வாசிப்பு.

கைகட்டி நிற்க மறுத்த பெற்றோர்

‘லொரென்ஸோஸ் ஆயில்’ படத்தையும் இவ்வொளியில் பார்க்கலாம். உலக வங்கியில் பணியாற்றிய பொருளியல் அறிஞர் அகுஸ்தோ ஒடோனேவும் மனைவி மிக்கேலாவும் உண்மை மாந்தர். அவர்களின் ஒரே மகன் லொரென்ஸோவுக்கு 1984இல் அட்ரினோலியூகோடிஸ்ட்ரபி என்ற நோய் கண்டறியப்பட்டது. தாய்வழி மரபணுவால் ஆண் பிள்ளைகளைத் தாக்கி மூளை நரம்புகளின் உறையை அரிக்கும் நோய் அது. இரண்டாண்டுதான் வாழ்வான் என்றனர் மருத்துவர். மருத்துவக் கல்வி சிறிதுமில்லாத அப்பெற்றோர் நூலகங்களில் அமர்ந்து ஆய்வேடுகளைப் படித்தனர். முடிவில், ஓய்வு பெற்ற ஆங்கிலேய வேதியியலாளர் டான் சடபி தூய்மைப்படுத்தித் தந்த எண்ணெயை மகனுக்கு ஊட்டினர். திரைப்படத்தில் சடபி தம் பாத்திரத்தில் தாமே நடித்தார்.

ஜாரெட் பார்த்துக்கொண்டு நின்றான். இவர்கள் நிற்க மறுத்தனர். ஒரே எழுத்தாளர் ஒரே காலத்தில் இவ்விரு கதைகளிலும் உழைத்தார் என்பதை நாம் தற்செயல் எனக் கொள்ளவில்லை. அடுத்தவரின் துன்பத்துக்கு முன் மனிதன் என்ன செய்கிறான் என்பதே இரண்டிலும் உள்ள வினா.

இங்கும் ஒரு கடிந்துரை உண்டு. படம் அளித்த நம்பிக்கை, எண்ணெயின் ஆற்றலை மிஞ்சியது என்று மருத்துவர் பலர் அன்றே கண்டித்தனர். நோய்க்குறி தோன்றிய பிள்ளைகளை அது குணமாக்கவில்லை. மருத்துவர் ஹியூகோ மோசரின் குழுவினர், நோய்க்குறி தோன்றாத 89 சிறுவரைக் கண்காணித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, நோய் வெளிப்படும் வாய்ப்பை எண்ணெய் குறைக்கக்கூடும் என்றது. அதுவே நியாயமான அளவு. லொரென்ஸோ தம் 30ஆம் பிறந்தநாளுக்கு மறுநாள், 2008 மே 30ஆம் நாள், இறந்தார். பெற்றோரின் அன்பு உண்மை. படத்தின் இறுதியில் ஒலித்த வெற்றி முழக்கம் முழு உண்மையன்று. துயருற்றோருக்கு நம்பிக்கை தருவோர் அதன் அளவையும் சொல்லக் கடமைப்பட்டவர்கள். செபக் கூட்டங்களில் குணம் பெற்றதாக அறிவிக்கும் பழக்கமுடைய நமக்கும் இது ஒரு பாடம்.

மெய்ட்லாந்து சொல்லும் பாடம்

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். என்ரைட் பிறந்த மெய்ட்லாந்தும், ஸ்டாக்டனை உள்ளடக்கிய நியூகாசிலும் ஒரே மறைமாவட்டத்தின் பெயரில் இணைந்தவை. மெய்ட்லாந்து–நியூகாசில் மறைமாவட்டம் என்ற பெயர் உலகச் செய்திகளில் இடம்பெற்றது எதற்காக என்பதை நாம் அறிவோம். குருக்களும் துறவியரும் சிறுவருக்கு இழைத்த பாலியல் கொடுமைகளும், அவற்றை அறிந்தோர் காத்த மௌனமும் அதற்குக் காரணம். 2012இல் அம்மறைமாவட்டத்தைக் குறித்து மாநில அரசு தனி விசாரணைக்கு ஆணையிட்டது. அதே ஆண்டு நவம்பரில், நாடு முழுவதும் நிறுவனங்களில் சிறுவருக்கு நேர்ந்த கொடுமைகளை ஆராய அரச ஆணையம் அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது. அவ்வாணையம் 2017 டிசம்பரில் இறுதி அறிக்கை அளித்தது. அது தனியாக ஆராய்ந்தவற்றுள் மெய்ட்லாந்து–நியூகாசிலும் ஒன்று.

அவ்வாணையத்தின் முன் வெளிப்பட்டது என்ன? கொடியவர் சிலர், கண்டும் பேசாதிருந்தோர் பலர். இடமாற்றம் செய்தோர், கோப்பை மூடியோர், “திருச்சபையின் நற்பெயர் கெட்டுவிடும்” என்று பெற்றோரை அடக்கியோர் இருந்தனர். ‘ப்ளாக்ராக்’ எழுதப்பட்டபோது இவ்வுண்மைகளில் பெரும்பகுதி வெளிவரவில்லை. கடலோரச் சிறுவர்களைக் குறித்து எழுதிய அந்நாடகம், அதே மண்ணின் கோயில்களையும் விடுதிகளையும் குறித்தும் பேசிக்கொண்டிருந்தது என்பதை நாம் பின்னரே உணர்கிறோம். என்ரைட் கத்தோலிக்கச் சூழலையும் நேராகவே எழுதினார். 1994இல் வந்த ‘குட் வொர்க்ஸ்’ நாடகம், சிற்றூர்க் கத்தோலிக்கரான இரு தாய்மாரும் அவர்தம் புதல்வர் இருவரும் தலைமுறை கடந்து சுமக்கும் காயங்களைப் பேசுகிறது. ‘நற்செயல்கள்’ என்ற அத்தலைப்பின் கசப்பு நம்மைக் குத்துகிறது.

“வீட்டுக் குறையை வீதியில் சொல்லலாமா?” என்று இன்னும் கேட்போர் உளர். அவர்களிடம் நாம் திருப்பிக் கேட்கிறோம்: வீட்டுக்குள் சொல்லியபோது கேட்டவர் யார்? சிறுவன் சொன்னான், நம்பவில்லை. தாய் சொன்னாள்; அமைதி காக்கச் சொன்னோம். பிறகுதான் அது வீதிக்கு வந்தது. அது முதலில் நம் வீட்டில் பேசப்பட்டிருந்தால், நீதிமன்றம் பேச வேண்டிய தேவை எழுந்திருக்காது. 2019 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட ஆணை, இத்தகைய குற்றங்களை அறியும் குருக்களும் துறவியரும் அவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பதைச் சட்டக் கடமையாக்கியது. மனச்சான்றின் கடமையாக என்றும் இருந்த ஒன்றைச் சட்டமாக எழுத வேண்டி வந்ததே நமக்குத் தலைகுனிவு அன்றோ?

ஆகவே பங்கு மன்றங்களிலும் இளையோர் இயக்கங்களிலும் நாடகம் தேரும் பெரியோருக்கு நாம் சொல்ல விரும்புவது இதுதான். தீமையைப் பேசும் நாடகத்தைத் தீமை என்று தள்ளாதீர்கள். அது தீமையைச் சுவைக்கத் தருகிறதா, நம் பொறுப்பைக் கேட்கிறதா என்று பாருங்கள். துயருற்றோரின் மாண்பைக் காக்கிறதா, அவர்களின் காயத்தைக் காட்சிப் பொருளாக்குகிறதா என்று பாருங்கள். முதல் வகையை விலக்குங்கள். இரண்டாவது வகைக்கு உங்கள் மன்றத்தின் கதவைத் திறந்து வையுங்கள், அது உங்களைச் சுட்டாலும்.

ஆபேல் மண்ணில் கிடந்தபோது ஆண்டவர் காயீனிடம் ஒரு கேள்வி கேட்டார். காயீன் தனக்குத் தெரியாது என்றான். ஜாரெட்டும் அதையே சொன்னான்; மெய்ட்லாந்தில் கோப்பை மூடியவர்களும் அதையே சொன்னார்கள். அடுத்த ஞாயிறு மார்பில் தட்டிக்கொண்டு அந்த நான்காவது பாவத்தைச் சொல்லும்போது, நம்மிடம் பேச வந்தும் நாம் கேளாது விட்ட ஒரு பிள்ளையின் முகத்தையேனும் நினைத்துக்கொண்டு சொல்வோம்.